உதவி நின்ற பிறகும் நிற்பது எது? புதூர்நாட்டை முன்வைத்து ஒரு பாடம்



ரமளான் நெருங்கும்போது நம் மஹல்லாக்களில் உதவிப் பட்டியல்கள் தயாராகின்றன. அரிசி, எண்ணெய், பெருநாள் துணி, தையல் இயந்திரம், மருத்துவச் செலவு என்று ஒவ்வொரு வகையிலும் கொடுக்கிறோம். அல்ஹம்துலில்லாஹ், இவை எல்லாமே தேவையானவை. பசித்தவனுக்கு முதலில் உணவுதான் கொடுக்க வேண்டும். ஆனால் ஐந்து, பத்து ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்த்தால், அதே வீட்டுப் பெயர் அதே பட்டியலில் இருப்பதையும் காண்கிறோம். கொடுத்தவர் களைத்துப் போகிறார், வாங்கியவர் நிமிரவில்லை.

ஒரு சமுதாயத்தைத் தாங்கி நிறுத்தும் உதவி எது, கொடுப்பவர் நிறுத்திய பிறகும் நிற்பது எது? இதுவே இந்தப் பாடத்தின் கேள்வி. நம் கண்ணுக்கு எதிரே தெரியும் மலையை வைத்தும், நாடு கடந்து வந்த கல்வி உதவிகள் சிலவற்றை வைத்தும் இதைப் படிப்போம்.

நம் பக்கத்து மலை

திருப்பத்தூரிலிருந்து மலைப்பாதையில் ஏறினால் வருவது புதூர்நாடு. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகிய மூன்று ஊராட்சிகளும் ஜவ்வாது மலையின் திருப்பத்தூர் மாவட்டப் பகுதியில் உள்ளன. மலையின் இன்னொரு பகுதி, ஜமுனாமரத்தூரை மையமாகக் கொண்டு, திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. இங்கு வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். பெயர் அப்படி இருந்தாலும் அவர்கள் பேசுவது தமிழ்தான். சாமை விதைப்பதும், புளி, தேன், பலா, கடுக்காய் சேகரிப்பதும் இந்த மலையின் தொழில்கள்.

கடுக்காய் என்றதும் நம்மவர்களுக்கு ஒன்று நினைவுக்கு வர வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பகுதிகளின் செல்வம் தோல் தொழிலில் இருந்து வந்தது. குரோம் ரசாயனம் பரவுவதற்கு முன் தோலைப் பதனிட்டது ஆவாரம் பட்டையும் கடுக்காயும்தான். காட்டிலும் மலையிலும் யாரோ கூடை சுமந்து பொறுக்கிய பொருள், சமவெளியில் நம் முன்னோரின் தொட்டிகளுக்கு வந்து சேர்ந்தது. அந்தச் செல்வத்திலிருந்து பள்ளிவாசல்களும் மத்ரஸாக்களும் கல்லூரிகளும் எழுந்தன. 1919ல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி அதற்கு ஒரு சான்று. இன்று தோல் தொழில் அன்றிருந்த நிலையில் இல்லை. கல்லூரி இருக்கிறது, எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள்.

மலையின் நிலை வேறு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.1 விழுக்காடு. அதே கணக்கில் தமிழ்நாட்டுப் பழங்குடியினரின் எழுத்தறிவு 54.3 விழுக்காடு மட்டுமே. மாநிலத்தில் பத்துப் பேரில் எட்டுப் பேர் படிக்கத் தெரிந்தவர்கள் என்றால், பழங்குடியினரில் ஏறக்குறைய ஐந்து பேர்தான்.

எழுத்தறிவு இல்லாமை எங்கே கொண்டுபோய் விடும்? 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 20 பேர் இறந்தார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லப்பட்டது. அவர்கள் தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர்கள், ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அந்தச் சம்பவத்தின் சட்டப் பிரச்சினைக்குள் நாம் இங்கே போகவில்லை. நாம் கவனிக்க வேண்டியது, ஏஜென்ட் ஒருவர் கையில் முன்பணம் கொடுத்துக் கூப்பிட்டால், எங்கே, எதற்கு என்று கேட்காமல் வண்டியில் ஏற வேண்டிய நிலையில் ஒரு மனிதன் ஏன் இருக்கிறான் என்பதைத்தான். மழை பொய்த்தால் சாமை இல்லை. சாமை இல்லையென்றால் கடன். கடன் வந்தால் யார் கூப்பிட்டாலும் போக வேண்டும். அவனுக்கு வேறு வழி ஒன்று தெரிந்திருந்தால், மறுக்கும் தைரியம் வந்திருக்கும்.

அந்த வேறு வழி எப்படி இருக்கும் என்பதையும் இதே மலை காட்டியது. 2024 பிப்ரவரியில் ஜவ்வாது மலைப் புலியூர் கிராமத்தைச் சேர்ந்த ஸ்ரீபதி என்ற 23 வயதுப் பெண் உரிமையியல் நீதிபதி தேர்வில் தேர்ச்சி பெற்றார். ஏலகிரி மலையில் பள்ளிப் படிப்பு, பிறகு சட்டப் படிப்பு. குழந்தை பிறந்த இரண்டாம் நாளில் சென்னைக்குப் பயணம் செய்து தேர்வு எழுதினார். கணவரும் தாயாரும் துணை நின்றார்கள். திறமை மலையில் குறைவில்லை. திறமைக்கும் தேர்வறைக்கும் நடுவே உள்ள தூரம்தான் அதிகம்.

மார்க்கம் காட்டும் வழி

உதவி என்றால் என்ன என்பதை விளக்க நபி (ஸல்) அவர்களின் வாழ்விலிருந்து இரண்டு நிகழ்ச்சிகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது அபூதாவூத் தொகுப்பில் வரும் செய்தி. அன்சாரிகளில் ஒருவர் உதவி கேட்டு வந்தார். வீட்டில் என்ன இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். ஒரு விரிப்பும் ஒரு பாத்திரமும் இருந்தன. அவற்றைக் கொண்டுவரச் செய்து ஏலம் விட்டார்கள். இரண்டு திர்ஹம் கிடைத்தது. ஒன்றில் வீட்டுக்கு உணவு, இன்னொன்றில் கோடரி. கோடரிக்குத் தம் கையாலேயே காம்பு பொருத்திக் கொடுத்து, விறகு வெட்டி விற்கும்படியும், பதினைந்து நாள் கழித்து வரும்படியும் சொன்னார்கள். திரும்பி வந்தபோது அவரிடம் பத்து திர்ஹம் இருந்தது. இதில் உணவும் உண்டு, கருவியும் உண்டு. முதலீடு அவருடைய பொருளிலிருந்தே வந்தது. கொடுத்துவிட்டு மறந்துவிடாமல், நாள் குறித்துத் திரும்ப விசாரித்ததும் உண்டு.

இரண்டாவது, ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு பத்ர் போருக்குப் பின் நடந்தது. சிறைபிடிக்கப்பட்ட மக்காவாசிகளில் ஈட்டுத்தொகை கொடுக்க வசதியற்ற, ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு வேறு நிபந்தனை வைக்கப்பட்டது. மதீனாவின் சிறுவர்கள் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தால் விடுதலை. மதீனா அப்போது பணக்கார ஊர் அல்ல. முஹாஜிர்கள் வீடு வாசலை விட்டு வந்தவர்கள். ஈட்டுப் பணம் கைக்கு வந்தால் ஆயிரம் செலவு காத்திருந்தது. ஆனாலும் அந்த நேரத்தில் பிள்ளைகளின் எழுத்தறிவு பணத்துக்குச் சமமாக மதிக்கப்பட்டது. வெளியூர்க்காரர், அதுவும் எதிரணியில் நின்றவர், ஆசிரியராக ஏற்கப்பட்டார். அவர்கள் மக்காவுக்குத் திரும்பிவிட்டார்கள், கற்ற எழுத்து மதீனாவிலேயே தங்கியது.

வெளியிலிருந்து வரும் கல்வி உதவி எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

உலகம் தரும் மூன்று பாடங்கள்

ஒன்று: ஃபலஸ்தீன அகதிகளின் பள்ளிகள்

1948ல் வீடிழந்த ஃபலஸ்தீன மக்களுக்காக ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1949 டிசம்பரில் ஓர் அமைப்பை உருவாக்கியது. 1950 மே மாதம் அது பணியைத் தொடங்கியது. கூடாரம், மாவு, போர்வை என்று தொடங்கிய அந்த அமைப்பின் மிகப் பெரிய பணியாகக் காலப்போக்கில் ஆனது கல்விதான். அதன் பட்ஜெட்டில் பாதிக்கு மேல் பள்ளிகளுக்கே சென்றது. காஸா, மேற்குக் கரை, ஜோர்டான், சிரியா, லெபனான் ஆகிய இடங்களில் சுமார் ஐந்து லட்சம் பிள்ளைகள் அதன் பள்ளிகளில் படித்தார்கள். ஆசிரியர்களில் பெரும்பாலோர் அதே அகதி மக்களிலிருந்தே வந்தவர்கள். நிலம் இழந்தவர்களின் பிள்ளைகள் ஆசிரியர்களாகவும் பொறியாளர்களாகவும் மருத்துவர்களாகவும் வளைகுடா நாடுகளுக்குச் சென்றார்கள். குவைத்தின் பள்ளிகளில் ஒரு காலத்தில் ஃபலஸ்தீன ஆசிரியர்கள் ஏராளமாக இருந்தார்கள். அவர்கள் அனுப்பிய பணம் முகாமில் இருந்த தம்பி தங்கைகளைப் படிக்க வைத்தது.

ஆனால் இதில் ஒரு பலவீனமும் உண்டு. பணத்தின் பெரும்பகுதி வெளிநாட்டு அரசுகளின் நன்கொடை. 2018ல் அமெரிக்கா தன் பங்கை நிறுத்தியது, பிறகு 2021ல் மீண்டும் கொடுத்தது, 2024 ஜனவரியில் மறுபடியும் நிறுத்தியது. 2023 அக்டோபருக்குப் பின் காஸாவின் பள்ளிக் கட்டடங்கள் தங்குமிடங்களாயின, பல தகர்ந்தன. கட்டடத்தையும் நிதியையும் ஒரே நாளில் இழக்கலாம் என்பதை நாம் கண்ணால் கண்டோம். அந்த இடிபாடுகளுக்கு நடுவே, கூடாரத்தில் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொன்னவர்களையும் கண்டோம். அவர்கள் முன்பு அதே பள்ளிகளில் படித்தவர்கள். கொடுத்ததில் எது மிஞ்சியது என்று கேட்டால், அதுதான்.

இரண்டு: நம் மாவட்டத்தில் உள்ள முகாம்கள்

1983 ஜூலை கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தமிழர்கள் படகேறி வந்தார்கள். நம் பகுதியில் ஆம்பூருக்கு அருகே மின்னூர், சின்னப்பள்ளிகுப்பம் போன்ற இடங்களில் முகாம்கள் அமைந்தன. 1984ல் எஸ்.சி. சந்திரஹாசன் அவர்கள் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கினார். அது அகதிகளே அகதிகளுக்காக நடத்தும் அமைப்பு. வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களிடமிருந்து உதவி வந்தது. தமிழ்நாடு அரசு உதவித்தொகையும் ரேஷனும் கொடுத்தது. கழகம் தன் கவனத்தை முக்கியமாகப் பிள்ளைகளின் படிப்பில் வைத்தது. மாலை வகுப்பு, கல்லூரியில் இடம் வாங்கித் தருதல், உதவித்தொகை, இவற்றோடு பிறப்புச் சான்றிதழ், குடியுரிமை ஆவணம் பெறும் வேலை என்று அதன் பணி விரிந்தது.

1991க்குப் பின் சூழ்நிலை கடுமையானது. வெளி அமைப்புகள் முகாமுக்குள் செல்வதற்குக் கட்டுப்பாடு வந்தது, அகதி மாணவர்களின் கல்லூரிச் சேர்க்கையும் சில ஆண்டுகள் தடைப்பட்டது. வெளியிலிருந்து வந்து உதவுபவர்களை மட்டும் நம்பியிருந்தால் எல்லாமே நின்றிருக்கும். முகாமின் படித்த இளைஞர்களே முகாமின் ஆசிரியர்களாக இருந்ததால் படிப்பு நிற்கவில்லை. 2004 சுனாமியின்போது, அதுவரை உதவி பெற்றவர்களாக இருந்த அந்த மக்களிலிருந்தே பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் கடலோர மக்களுக்கு ஆறுதல் சொல்லச் சென்றார்கள். கேட்டு நின்ற கை கொடுக்கும் கையாக மாற இருபது ஆண்டுகள் ஆயிற்று. அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது படிப்பு.

மூன்று: ஜித்தாவிலிருந்து வந்த அழகிய கடன்

ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இஸ்லாமிய வளர்ச்சி வங்கி 1975ல் செயல்படத் தொடங்கியது. இந்தியா அதில் உறுப்பு நாடு அல்ல. ஆனால் முஸ்லிம்கள் சிறுபான்மையாக வாழும் நாடுகளின் பிள்ளைகளுக்காக 1983ல் அது ஓர் உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. இந்திய மாணவர்கள் பலரும் அதில் மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளைப் படித்தார்கள்.

அத்திட்டத்தின் அமைப்பை நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். மாணவருக்கு அது வட்டியில்லாக் கடன், அதாவது கர்ளன் ஹஸனா. படித்து வேலைக்குச் சென்ற பிறகு சிறு தவணைகளில் திருப்பித் தர வேண்டும். ஆனால் அந்தப் பணம் ஜித்தாவுக்குத் திரும்புவதில்லை. அந்தந்த நாட்டில் உள்ள அறக்கட்டளைக்குச் சென்று, அடுத்த மாணவருக்குப் பயன்படும். கடன் வாங்கியவர் தனிமனிதர். சமுதாயத்துக்கோ அது நன்கொடை. மாணவர் படிக்கும் காலத்திலேயே தம் சமுதாயத்துக்குச் சேவை செய்ய வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் அதில் உண்டு.

இதன் பலனை ஓர் உதாரணக் கணக்கால் புரிந்துகொள்ளலாம். பத்து மாணவர்களுக்கு ஆண்டுக்கு ₹20,000 வீதம் மூன்று ஆண்டுகள் கொடுத்தால் மொத்தம் ₹6 லட்சம். வேலைக்குச் சென்ற பின் ஒவ்வொருவரும் மாதம் ₹1,000 திருப்பித் தந்தால் மாதம் ₹10,000, ஆண்டுக்கு ₹1.2 லட்சம் வருகிறது. அதைக் கொண்டு ஆறு புதிய மாணவர்களின் ஓராண்டுச் செலவைப் பார்க்கலாம். ஐந்து ஆண்டுகளில் ₹6 லட்சமும் திரும்பிவிடும். மாறாகப் பத்துப் பேரில் மூன்று பேர் திருப்பித் தராவிட்டால் ₹4.2 லட்சம்தான் வரும். அடுத்த சுற்றிலும் அப்படியே நடந்தால் ₹2.94 லட்சம். இரண்டே சுற்றில் பாதிக்கு மேல் கரைந்துவிடும். கடனைத் திருப்பித் தருவது அமானிதம். தராதவர் ஏமாற்றுவது அறக்கட்டளையை அல்ல, பெயர் தெரியாத ஒரு பிள்ளையை.

மூன்று உரைகற்கள்

இந்த மூன்று பாடங்களிலிருந்தும் எந்த உதவியையும் உரசிப் பார்க்க மூன்று கேள்விகள் கிடைக்கின்றன.

முதல் கேள்வி: நாளை கொடுப்பவர் நிறுத்திவிட்டால், வாங்கியவரிடம் மிஞ்சுவது என்ன? கட்டடம் மட்டும் மிஞ்சினால் அது பாதி உதவி. கற்ற மனிதர் மிஞ்சினால் அது முழு உதவி.

இரண்டாம் கேள்வி: அந்த மக்களில் யார் இதை நடத்துகிறார்கள்? வெளியார் மட்டுமே நடத்தினால், வெளியாருக்குத் தடை வந்த அன்றே அது முடிந்துவிடும்.

மூன்றாம் கேள்வி: வாங்கியது அடுத்தவருக்குச் செல்ல வழி இருக்கிறதா? அது பணமாகத்தான் திரும்ப வேண்டும் என்பதில்லை. படித்த அக்கா விடுமுறையில் பத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்தால் அதுவும் தவணைதான். ஸதகத்துல் ஜாரியா, நில்லாமல் ஓடும் தர்மம் என்று நாம் சொல்வதன் பொருளும் இதுவே.

புதூர்நாட்டில் என்ன செய்யலாம்?

மலையில் பள்ளியே இல்லை என்று எண்ண வேண்டாம். அரசின் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் உள்ளன. தங்குமிடமும் உணவும் அரசே தருகிறது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரி செல்லும் மாணவிகளுக்கு 2022 செப்டம்பர் முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ₹1,000 கிடைக்கிறது. மாணவர்களுக்கு 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப் புதல்வன் திட்டம். பெற்றோர் ஆண்டு வருமானம் ₹2.5 லட்சத்துக்குள் இருந்தால் பழங்குடி மாணவர்களுக்குப் பள்ளிக்குப் பிந்தைய உதவித்தொகையும் உண்டு. ஆகவே நாம் போய்ப் புதிதாக ஒரு பள்ளி கட்ட வேண்டிய அவசியமில்லை. இருக்கும் உதவிக்கும் பிள்ளைக்கும் நடுவே உள்ள இடைவெளிகளில்தான் நம் வேலை இருக்கிறது.

முதல் இடைவெளி சான்றிதழ். பழங்குடியினர் சாதிச் சான்றிதழை வழங்குபவர் வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். அது இல்லாமல் இட ஒதுக்கீடும் இல்லை, உதவித்தொகையும் இல்லை. படிக்காத பெற்றோருக்கு இணையவழி விண்ணப்பம், ஆதாரில் பெயர்ப் பிழை திருத்தம், வங்கிக் கணக்கு இணைப்பு எல்லாமே கூலியை விட்டுவிட்டு மலையிறங்க வேண்டிய வேலைகள். கணினி தெரிந்த நம் பிள்ளைகள் இரண்டு பேர் மாதம் ஒருநாள் செலவிட்டால் ஒரு வகுப்புக்கே விண்ணப்பம் முடித்துவிடலாம்.

இரண்டாவது இடைவெளி, பெற்றோர் வேலை தேடி வெளியூர் செல்லும் மாதங்கள். கேரளம், கர்நாடகம், திருப்பூர் என்று குடும்பம் நகரும்போது பிள்ளையும் போய்விடுகிறது. திரும்பி வரும்போது வகுப்பு எட்டாத தூரம் போயிருக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு விட்ட பாடத்தைச் சொல்லித்தர ஊரிலேயே பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒருவரைக் கண்டு, அவருக்கு மாதச் சம்பளம் கொடுக்கலாம். ஆசிரியர் மலையைச் சேர்ந்தவராகவே இருக்க வேண்டும். நம் இரண்டாம் உரைகல் அதைத்தான் சொல்கிறது.

மூன்றாவது இடைவெளி, கல்லூரியின் முதல் ஆறு மாதம். இடம் கிடைத்தும், விடுதிக்கு முன்பணம், பேருந்துச் செலவு, உடை, புத்தகம், உதவித்தொகை வந்து சேரும் வரையிலான கைச்செலவு ஆகியவற்றுக்குப் பணமின்றி நின்றுவிடும் பிள்ளைகள் உண்டு. இங்கே ஒரு சிறிய அழகிய கடன் போதும். அரசு உதவித்தொகை வந்ததும் அவர் திருப்பித் தரலாம், அல்லது வேலைக்குச் சென்ற பின் அடுத்த மலைப் பிள்ளைக்குத் தரலாம்.

இதில் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். இந்த மக்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள் அல்லர். நம் உதவிக்குப் பின்னால் மறைவான நிபந்தனை எதுவும் இருக்கக்கூடாது. மார்க்கப் பிரசாரத்தையும் பிள்ளையின் பீஸையும் ஒன்றாகக் கட்டுவது பிள்ளைக்கும் அநீதி, மார்க்கத்துக்கும் இழுக்கு. அண்டை வீட்டாருக்கு நம்மீது உரிமை இருக்கிறது, அந்த உரிமையை மட்டும் நிறைவேற்றுவோம். புகைப்படம் எடுத்துப் போடுவதையும் தவிர்ப்போம். உதவி பெறும் பிள்ளையின் முகம் நம் விளம்பரம் அல்ல.

பணம் எந்த வழியில் வர வேண்டும்?

ஜகாத்தை முஸ்லிம்களில் தகுதியானவர்களுக்கே வழங்க வேண்டும் என்பது நான்கு மத்ஹபுகளிலும் பொதுவாக நிலவும் கருத்து. ஆகவே மலைப் பிள்ளைகளுக்கான செலவை ஜகாத் கணக்கில் எழுதக் கூடாது. ஸதகாவிலிருந்து கொடுக்கலாம், அதற்குத் தடையில்லை. இரண்டுக்கும் தனித்தனிப் பதிவேடு வைப்பதே அமானிதம் காக்கும் முறை. சந்தேகம் உள்ளவர்கள் தங்கள் மஹல்லா ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

நம்மவர்களில் பலர் துபாயிலும் ஜித்தாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பணம் பற்றிய சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010, மத்திய உள்துறையின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வெளிநாட்டு நன்கொடை பெறுவதைத் தடுக்கிறது. 2020 திருத்தத்துக்குப் பின், அப்படிப் பெறும் பணம் டெல்லியில் உள்ள குறிப்பிட்ட ஸ்டேட் வங்கிக் கிளையின் கணக்குக்கே வர வேண்டும். அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. ஆனால் இந்தியக் குடியுரிமை உள்ளவர், வெளிநாட்டில் வேலை செய்தாலும், தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. அவரே வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால் அது வெளிநாட்டு நன்கொடையாகிவிடும். கையில் ரொக்கமாகக் கொடுத்தனுப்புவது, யாருடையது என்று தெரியாத பணத்தை ஏற்பது இரண்டும் வேண்டவே வேண்டாம். நல்ல எண்ணத்தோடு செய்த தவறும் அறக்கட்டளையின் கதவை மூடிவிடும். ஆடிட்டரிடம் கேட்ட பிறகே எதையும் ஏற்போம்.

நம் பிள்ளைகளை மறந்துவிட்டோமா?

"நம் தெருப் பையன்களே பத்தாம் வகுப்போடு ஷூ கம்பெனிக்குப் போகிறார்கள், மலைக்கு ஏன் போக வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று போட்டியிடும் செலவுகள் அல்ல. மலைப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது நம் பணத்தைவிட நம் நேரம், விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த கை, வழிகாட்டும் சொல். நம் தெருப் பையனுக்கும் அதேதான் தேவை. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் நம் வீட்டு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் உண்டு. எத்தனை வீடுகளில் அது தெரியும்?

ஒரு ஷூ கம்பெனி ஆர்டர் குறைந்ததும் வேலையை நிறுத்தினால், பத்தாம் வகுப்போடு போன பையனும் ஏஜென்ட்டைத்தான் தேடுகிறான். மலையில் செம்மர ஏஜென்ட், இங்கே விசா ஏஜென்ட். கேள்வி கேட்கத் தெரியாதவனின் நிலை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். மலைப் பிள்ளைக்காக விண்ணப்பம் நிரப்பக் கற்ற நம் வீட்டு மாணவி, தன் தம்பிக்கும் பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் அதைச் செய்வாள். கொடுக்கப் போனவர்கள் கற்றுக்கொண்டு திரும்புவார்கள்.

குடும்பமாக உட்கார்ந்து சிந்திக்க

1. கடந்த ரமளானில் நம் வீட்டிலிருந்து கொடுத்த உதவிகளில், இன்றும் வாங்கியவரிடம் பயனாக நிற்பது எது?

2. நம் குடும்பத்தில் யாருடைய படிப்புக்கு வேறு யாராவது உதவினார்கள்? அந்த உதவியை நாம் யாருக்குத் திருப்பித் தந்தோம்?

3. நம் வீட்டுப் பிள்ளைகளில் எட்டாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்கள் யார் யார்? அவர்களுக்கு உள்ள அரசு உதவிகள் எவை என்று நமக்குத் தெரியுமா?

4. மாதம் ஒருநாள் மலைக்குச் சென்று விண்ணப்பப் பணியில் உதவ நம் வீட்டிலிருந்து யார் வர முடியும்? வருபவர்கள் தங்கள் மஹல்லா ஜமாஅத் அலுவலகத்தில் பெயரைத் தரலாம்.

யா அல்லாஹ்! நீ எங்களுக்குத் தந்த கல்வியையும் செல்வத்தையும் எங்களோடு முடிந்துவிடாமல் பிறருக்கும் பயன்படச் செய்வாயாக. மலையிலும் சமவெளியிலும் வாழும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பயனுள்ள அறிவைத் தருவாயாக. கொடுக்கும் கையில் பெருமையையும், வாங்கும் கையில் கூச்சத்தையும் நீக்குவாயாக. காஸாவின் பிள்ளைகளுக்குப் பள்ளியையும் பாதுகாப்பையும் திருப்பித் தருவாயாக. எங்களிடம் உள்ள அமானிதங்களை முறையாக நிறைவேற்றும் தவ்ஃபீக்கை அருள்வாயாக. ஆமீன்.